ஒரு கிலோவுக்குள் ஒரு கூரை

ஜவ்வாது மலையில் ராத்திரி முழுக்க நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோது, என் வீட்டுப் பரணில் நல்ல டென்ட் ஒன்று ஈரம் படாமல் பத்திரமாக இருந்தது. இரண்டு பேர் படுக்கலாம், அடைமழைக்கும் தாங்கும். எடை 2.6 கிலோ. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பும் நடைக்கு அதை எவன் தூக்குவான்? நானும் தூக்கவில்லை.

அன்று நடந்தது இதுதான். ஐப்பசி மாதம். ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு மலைக்கிராமத்தில் மச்சானுக்குத் தெரிந்தவர் வீடு இருக்கிறது. சாமை அறுப்பு முடிந்திருக்கும், போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். தார் ரோடு முடியும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஆறு கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. வழியில் இரண்டு ஓடைகள். காலையில் போகும்போது செருப்பு நனையாமல் கல் தாண்டிப் போனோம். திரும்பும்போது மூன்றரை மணிக்கு மழை பிடித்தது. முதல் ஓடையில் கணுக்கால் தண்ணீர், தாண்டிவிட்டோம். ஐந்து மணிக்கு இரண்டாவது ஓடைக்கு வந்தால், அது ஓடையாகவே இல்லை. செம்மண் கரைசல் போல ஒரு நிறம், நடுவில் வேரோடு ஒரு மரம் உருண்டு போகிறது.

"எறங்கிப் பாக்கலாம் மாமா, முட்டிக்குத்தான் இருக்கும்" என்றான் மச்சான். காலையில் கல் இருந்த இடத்தில் ஒரு கழியை ஊன்றிப் பார்த்தோம். கழியைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. 2015 மே மாதம் சதுரகிரி ஓடையில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்களை அடித்துப்போனது எனக்கு நினைவுக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சரி, கிராமத்துக்கே திரும்பலாம் என்று வந்த வழியில் நடந்தால், அரை மணி நேரத்துக்கு முன்னால் தாண்டிய முதல் ஓடை இப்போது இடுப்பளவு. இரண்டு ஓடைகளுக்கு நடுவில் நாங்கள். ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது.

துருத்திக்கொண்டிருந்த ஒரு பாறைக்கு அடியில் போய் ஒண்டினோம். ஊட்டிக் குளிர் ஒன்றும் இல்லை. காவலூர் வானாய்வகம் இதே மலையில் சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நாங்கள் இருந்ததும் ஏறக்குறைய அந்த உயரம்தான். காய்ந்த சட்டையோடு இருந்தால் "அடடா, சுகமான காற்று" என்று சொல்லியிருப்போம். ஆனால் தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும். நனைந்த பனியனும் பாறையைச் சுற்றி வரும் காற்றும் சேர்ந்தால் 18, 19 டிகிரியே போதும். பதினோரு மணி வாக்கில் மச்சான் சட்டையின் மேல் பொத்தானைப் போட முயன்றான். விரல் வளையவில்லை. இரண்டு மூன்று முறை தடவிவிட்டு, விட்டுவிட்டான். கேட்டால் ஏதோ சொன்னான், பாதிதான் புரிந்தது. உடம்பின் உட்சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் முதலில் வருவது இப்படித்தான் இருக்கும் என்று எங்கேயோ படித்திருந்தேன். பயந்துபோனேன்.

பையில் இருந்தது என்ன? தண்ணீர் பாட்டில், பாதி பிஸ்கட், 12 சதவீதம் சார்ஜுடன் சிக்னல் இல்லாத போன், அப்புறம் அந்த வீட்டுக்காரர் கொடுத்தனுப்பிய நாலு கிலோ சாமை. அது இருந்தது யூரியா சாக்கில். சாமையைத் துண்டில் கொட்டி மூட்டையாக முடிந்தேன். சாக்கின் அடிப்பக்க மூலை ஒன்றை உள்ளே தள்ளி இன்னொரு மூலைக்குள் செருகினால் கொங்காணி, தலையும் முதுகும் நனையாமல் போர்த்திக்கொள்வது. சின்ன வயதில் தாத்தா நாற்றுநடவுக்குப் போகும்போது போட்டுக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன், அதுவரை நானே செய்தது கிடையாது. அதை மச்சான் தலையில் மாட்டி, முதுகை மூடி, முதுகோடு முதுகாக உட்கார்ந்தோம். அரை மணி நேரத்தில் அவன் நடுக்கம் குறைந்தது. ஒரு மணிக்கு, "மாமா, சாமையில மண்ணு விழுந்துடப் போவுது, பாத்துக்கோ" என்றான். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

விடிந்து ஏழு மணிக்கு ஓடை வடிந்தது.

பாராசூட் துணியில் முதல் முயற்சி

வீட்டுக்கு வந்ததும் போட்ட கணக்கு எளிமையானது. இனி எங்கே போனாலும் பையில் ஒரு கூரை, மொத்தம் ஒரு கிலோ. அதற்கு மேல் போனால் "இன்னிக்கு வேண்டாம்" என்று எடுத்து வைத்துவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். ஒரு கிலோ என்றால் ஒரு தண்ணீர் பாட்டில். அதைப் பையில் மறந்துவிடலாம்.

இணையத்தில் வெள்ளைக்காரர்களின் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. பனியைக் குடைந்து குகை செய்கிறார்கள், பைன் கிளையை ஒடித்துப் படுக்கை போடுகிறார்கள். நம் பிரச்சினை வேறு. மேலே கொட்டும் மழை, கீழே ஊறும் தரை, நடுவில் எறும்பு, அட்டை, கட்டுவிரியன். அவர்கள் பயன்படுத்தும் சிலிக்கான் பூசிய மெல்லிய நைலான் விரிப்பு இங்கே கிடைக்கிறது, ஆனால் விலையைக் கேட்டால் குளிர் விட்டுப்போகும். அதனால் நானே தைக்கலாம் என்று பாராசூட் துணி வாங்கினேன். பை, மழைக்கோட்டு தைக்கிறவர்கள் வாங்கும் துணிதான், 58 அங்குல அகலம். ஒரு பக்கம் மங்கலான பளபளப்போடு பூச்சு இருக்கும். பூச்சு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வாயில் வைத்து ஊதிப் பார்க்கலாம், மூச்சு மறுபக்கம் போகக் கூடாது. கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அகலம் போதாததால் இரண்டு துண்டை நடுவில் இணைக்க வேண்டும். பை தைக்கிற பாயிடம் கொண்டுபோனேன். துணியை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "தம்பி, தச்சுக் குடுத்துடுவேன். ஆனா ஊசி போன ஓட்டை எல்லாம் தண்ணி குடிக்கும், அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது" என்றார். பசை பூசிக்கொள்கிறேன் பாய் என்று பெரிய மனிதன் மாதிரி சொன்னேன். இரண்டு விளிம்பையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார். அழகான வேலை. எடை 610 கிராம்.

வீடியோவில் பார்த்தபடி, ஜன்னல் கண்ணாடிக்குப் போடும் சிலிக்கானை டர்பன்டைனில் கரைத்து, தையல் முழுக்கத் தூரிகையால் பூசினேன். ஒருநாள் காயவைத்தேன். மறுநாள் ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தால், பாலாடை மாதிரி நீளமாக உரிந்து வருகிறது. மொட்டை மாடியில் கட்டித் தோட்டக் குழாயால் பீய்ச்சினேன். இருபது நிமிஷத்தில் தையல் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கி, நட்ட நடுவில், படுத்தால் சரியாக என் நெஞ்சின் மேல்.

தப்பு எங்கே என்று பிறகுதான் புரிந்தது. இந்தத் துணிகளில் பூச்சு இரண்டு வகை. ஒன்று சிலிக்கான், இன்னொன்று பாலியூரித்தேன். சிலிக்கான் பூச்சின் மேல் சிலிக்கான் மட்டும்தான் ஒட்டும். பாலியூரித்தேன் பூச்சுக்குப் பாலியூரித்தேன் பசைதான் வேண்டும், அதன்மேல் சிலிக்கான் நிற்காது. வீடியோவில் காட்டியது முதல் வகை. பை தைக்கும் துணி இரண்டாவது வகை. இது தெரியாமல் பூசினால் கூலியும் போச்சு, பசையும் போச்சு. சரியான பசையைத் தேடி வாங்கிப் பூசியிருக்கலாம்தான். ஆனால் நடுவில் தையலே இல்லாத ஒரு பொருள் ஊரெல்லாம் கிடைக்கும்போது எதற்கு இந்தப் பாடு என்று தோன்றிவிட்டது. பாய் தைத்தது இப்போது என் வண்டிக்கு உறை. மேலே ஸ்கூட்டர் சீட்டுக்கு மட்டும் தண்ணீர் சொட்டுகிறது.

சில்பாலின்

உளுந்து காயப்போட, நெல் மூட, பந்தல் போட என்று விற்கிறார்களே, அந்த சில்பாலின் பிளாஸ்டிக் விரிப்புதான். கடையில் போய் நின்றால் முதல் கேள்வி "எத்தனை ஜிஎஸ்எம்?" ஒரு சதுர மீட்டர் விரிப்பு எத்தனை கிராம் என்பதுதான் அந்த எண். லாரிப் படுதாவுக்குப் போடுகிற கனமானது நமக்கு வேண்டாம். நான் கேட்டது 90. அதைவிட மலிவான நீல விரிப்பும் இருக்கிறது. அது பிளாஸ்டிக் நாடாவைப் பின்னி மேலே ஒரு படலம் ஒட்டியது. நாலு முறை மடித்து விரித்தால் மடிப்பு முனையில் படலம் விட்டு ஊசித்துளை விழுகிறது. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் நட்சத்திரம் மாதிரி தெரியும். சில்பாலினில் பின்னல் இல்லை. பல படலங்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றின்மேல் ஒன்று ஒட்டியது, அதனால் எடைக்குத் தகுந்த கிழியாத்தன்மை இருக்கிறது.

8க்கு 10 அடி வாங்கினேன். கணக்குப் போட்டால் 7.4 சதுர மீட்டர், 670 கிராம். தராசில் விளிம்பு மடிப்பு, வளையம் எல்லாம் சேர்த்து 700ஐத் தொட்டது. கயிறும் மற்றதும் சேர்ந்தால் ஒரு கிலோவைத் தாண்டும். மனதைக் கல்லாக்கிக்கொண்டு நாலு பக்கமும் அரை அரை அடி வெட்டினேன். 7க்கு 9 அடி ஆனது. தராசில் 530 கிராம். கடைக்காரன் அடித்துத் தந்த அலுமினிய வளையம் எல்லாம் வெட்டிய துண்டோடு போய்விட்டது. போகட்டும், காற்றடித்தால் முதலில் பிய்வது அந்த வளையம்தான். வளையம் பிய்ந்தால் அங்கிருந்து கிழிசல் ஓடும்.

7 அடி அகலத்தை நடுவில் மடித்துக் கூடாரமாகப் போட்டால் ஒரு சரிவு 107 சென்டிமீட்டர். நடுக்கயிற்றை 70 சென்டிமீட்டர் உயரத்தில் கட்டினால் தரையில் 160 சென்டிமீட்டர் அகலம் கிடைக்கும். இரண்டு பேர் ஒட்டிப் படுக்கலாம். உட்கார்ந்தால் தலை இடிக்கும், குனிந்துதான் உட்கார வேண்டும். உயரத்தைக் கூட்ட ஆசை வரும். கூட்டினால் அகலம் சுருங்கும், பக்கவாட்டுச் சாரல் உள்ளே வரும். நீளம் 9 அடி என்பதால் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் அரை மீட்டர் மிச்சம் இருக்கும். அந்த அரை மீட்டர்தான் சாரலைத் தாங்குகிறது.

வளையம் இல்லாமல் கயிற்றை எங்கே கட்டுவது? இதைச் சொல்லிக் கொடுத்தது எங்கள் ஊர்ப் பக்கம் வயலில் ஆட்டுக்கிடை போட வந்த கீதாரி ஒருவர். அவர் தார்ப்பாயில் ஒரு வளையம்கூட இல்லை, மூலைக்கு மூலை ஒரு கூழாங்கல் முண்டு. செய்கிற விதம் இது. விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே, நெல்லிக்காய் அளவு உருண்டைக் கல்லை விரிப்பின் அடிப்பக்கத்தில் வைக்க வேண்டும். மேலே இருந்து விரிப்போடு சேர்த்துப் பிடித்தால் கல் ஒரு தலை மாதிரி நிற்கும், அதன் கீழே விரிப்பைக் கழுத்து மாதிரி திரட்ட வேண்டும். கழுத்தில் கயிற்றை இரண்டு சுற்று சுற்றி, இரண்டாவது சுற்றின் அடியில் நுனியை விட்டு இழுத்தால் தீர்ந்தது. இழுக்க இழுக்க இறுகும். துளை இல்லை என்பதால் கிழிய இடமே இல்லை, இழுவை துணி முழுக்கப் பரவிவிடுகிறது. கல்லில் கூர் விளிம்பு மட்டும் இருக்கக் கூடாது.

இருட்டில் உருண்டைக் கல் தேட முடியாதே என்று முதலில் கோலிக்குண்டு போட்டேன். எட்டு குண்டு 40 கிராம். அப்புறம் நாட்டு மருந்துக் கடையில் கழற்சிக்காய் வாங்கினேன். உருண்டை, வழவழப்பு, கல் மாதிரி கெட்டி, எட்டும் சேர்ந்து 20 கிராம்கூட இல்லை. எட்டையும் வீட்டிலேயே கட்டி, அவிழ்க்காமல் அப்படியே மடித்து வைத்திருக்கிறேன். விரல் விறைத்தவன் முடிச்சுப் போட மாட்டான் என்பதை மச்சானின் பொத்தானில் பார்த்தாகிவிட்டது.

மாமனார் தோட்டத்தில் ஒரு ராத்திரி

மாடியில் குழாய்த் தண்ணீர் பீய்ச்சுவது சோதனையே இல்லை. கார்த்திகையில் வானிலை மையம் மஞ்சள் எச்சரிக்கை கொடுத்த நாளாகப் பார்த்து, போளூர் பக்கம் இருக்கும் மாமனார் தோட்டத்துக்குப் போனேன். தென்னைக்கு அடியில் கட்டவில்லை, மட்டை விழும். மோட்டார் ரூம் தூணுக்கும் ஒரு வேப்பமரத்துக்கும் நடுவில் கட்டினேன். மாமியார் இரண்டு முறை வாசலுக்கு வந்து பார்த்தார். "உள்ள வந்து படுங்க மாப்ள. அக்கம்பக்கத்துல பாத்தா வீட்ல சண்டைன்னு நெனச்சுக்கப் போறாங்க" என்றார். சோதனை அத்தை, என்றேன். சோதனைதான் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பத்து மணிக்கு மழை. பதினொன்றரை வரைக்கும் ராஜா மாதிரி படுத்திருந்தேன். அப்புறம் மூக்கின் மேல் ஏதோ ஈரமாகப் பட்டது. டார்ச் அடித்தால் கூரை என் முகத்துக்கு மேலே ஒரு ஜாண் உயரத்தில் தொங்குகிறது. நடுக்கயிறு தளர்ந்து, சரிவில் குழி விழுந்து, அரை வாளித் தண்ணீர் தேங்கி நிற்கிறது. கையால் தள்ளினேன். மொத்தமும் கால்மாட்டில் கொட்டியது.

நான் போட்டிருந்தது நைலான் கயிறு. நைலான் ஈரத்தை உறிஞ்சி நீளும். சாயங்காலம் வீணைத் தந்தி மாதிரி இருந்த கயிறு நள்ளிரவில் துணி காயப்போடும் கொடியாகிவிட்டது. மறுநாள் ஜன்னல் திரைக்குப் போடும் 3 மில்லிமீட்டர் பாலியெஸ்டர் கயிறு வாங்கினேன், அது ஈரத்தில் நீள்வது மிகக் குறைவு. கூடவே பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் ட்யூப் கேட்டு வாங்கி, விரல் அகலத்துக்கு வளையம் வளையமாக வெட்டி, மூலைக்கயிறுகளில் ஒவ்வொன்று கோர்த்தேன். கயிறு தளர்ந்தாலும் ரப்பர் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது, காற்று உதறினாலும் அதிர்ச்சி முண்டுக்குப் போவதில்லை. இந்தச் செலவே இல்லாத வேலைதான் மொத்தத்திலும் எனக்குப் பிடித்தது.

இன்னொரு ஒழுக்கு வேடிக்கையானது. விரிப்பில் ஓட்டையே இல்லை, ஆனால் தலைமாட்டில் ஒரு இடத்தில் மட்டும் சொட்டிக்கொண்டே இருந்தது. நடுக்கயிறு மரத்திலிருந்து விரிப்புக்குள் நுழைகிறதல்லவா, மரத்தில் வழியும் மழை அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நேராக உள்ளே நடந்து வருகிறது. விரிப்புக்குள் நுழைவதற்கு ஒரு சாண் முன்னால் கயிற்றில் ஒரு கந்தல் துணியைக் கட்டித் தொங்கவிட்டேன். தண்ணீர் துணி வழியாகக் கீழே இறங்கிவிட்டது. ராத்திரி ஒரு மணிக்கு லுங்கி ஓரத்தைக் கிழித்துச் செய்தது, அதே துண்டுதான் இன்னும் கயிற்றில் இருக்கிறது.

காலையில் பார்த்தால் விரிப்பின் உட்பக்கமும் நனைந்திருந்தது. இது ஒழுக்கு இல்லை, நம் மூச்சும் வியர்வையும்தான். ஒரு ராத்திரியில் ஒரு ஆளிடமிருந்து கிட்டத்தட்ட கால் லிட்டர் ஈரம் இப்படி வெளியேறும். பிளாஸ்டிக் கூரை அதை வெளியே விடாது. கூடாரத்தின் இரண்டு வாயையும் அடைத்தால் விடியும்போது மழையில் நனைந்த கணக்குத்தான். காற்று வரும் பக்கம் கால்மாட்டைத் தாழ்த்திக் கட்டி, தலைமாட்டைத் திறந்தே விட வேண்டும்.

கீழே இருக்கும் குளிர்

கூரை கட்டியதும் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் ஈரத்தரை முதுகிலிருந்து சூட்டை இழுப்பதைக் கூரை தடுக்காது. பெரிய கருப்புக் குப்பைப் பை ஒன்றில் காய்ந்த சருகை அடைத்து மெத்தை போடுவது பழைய உத்தி. முதல் முறை வேப்பமரத்தடிச் சருகை வாரி அடைத்தேன். அருமையான மெத்தை. பத்து நிமிஷத்தில் கட்டெறும்பு வரிசையாகக் கழுத்துப் பக்கம் ஏறியது. இப்போது சருகைக் காலால் ஆழமாகக் கிளறி, உதறி, பிறகே அள்ளுகிறேன். பை வாயையும் முறுக்கிக் கட்டிவிடுகிறேன். படுத்தால் பாதியாக அமுங்கும், அதனால் முட்ட முட்ட அடைக்க வேண்டும். மழை பிடித்த பிறகு காய்ந்த சருகு எங்கே கிடைக்கும் என்று கேட்கலாம். பாறை இடுக்கிலும் புதரின் அடியிலும் கொஞ்சம் கிடைக்கும். அதுவும் இல்லையென்றால் ஈரச்சருகே மேல். பைக்குள் இருப்பதால் உடம்பு நனையாது, முதுகுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும்.

வெள்ளித்தாள் போர்வை 55 கிராம்தான். 1964இல் நாசா விண்வெளி வேலைக்கு உருவாக்கிய பொருளின் வழி வந்தது, 12 மைக்ரான் பாலியெஸ்டர் படலத்தில் அலுமினியத்தைப் பூசியது. உடம்பு வீசும் வெப்பத்தில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பும். ஆனால் அதைத் தரையில் விரித்துப் படுத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை, தொட்டு இழுக்கும் குளிரை அந்த மெல்லிசுத் தாள் தடுக்காது. சட்டைக்கு மேலே, கொங்காணிக்கு உள்ளே தளர்வாகச் சுற்றிக்கொண்டேன், சூடு தெரிந்தது. புரண்டால் முறுக்குப் பாக்கெட் பிரிக்கிற சத்தம். ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தால் முழுசும் கிழியும், அதனால் முதலில் பிரித்த ஒன்று அன்றோடு சரி.

கட்டுவிரியனைப் பற்றி மட்டும் விளையாட்டாக எழுத முடியவில்லை. ராத்திரியில்தான் நடமாடும். தரையில் படுத்திருப்பவர்களின் படுக்கைக்குள் வரும். கடித்த வலியே பல சமயம் தெரியாது. கடிபட்டவர் எறும்பு என்று நினைத்துத் திரும்பத் தூங்கிவிடுவார், விஷம் நரம்பைப் பிடித்துக் கண் இமை தொங்கும்போதுதான் தெரியவரும். கூரை இதற்கு ஒன்றும் செய்யாது. விளிம்பைப் படுக்கைக்கு அடியில் நன்றாகச் செருகிய கொசுவலை செய்யும். மீட்டர் கணக்கில் விற்கும் வலைத்துணி இரண்டரை மீட்டர் வாங்கி, நடுக்கயிற்றிலிருந்தே தொங்கவிட்டு, சருகு மெத்தைக்கு அடியில் செருகிப் பார்த்தேன். நன்றாக வந்தது. எடை 145 கிராம்.

அங்கேதான் கணக்கு உடைந்தது. விரிப்பு 530, கயிறும் கழற்சிக்காயும் ரப்பரும் 100, குப்பைப் பை இரண்டு 110, வெள்ளித்தாள் 55, யூரியா சாக்கு 100. இதுவரை 895. வலையைச் சேர்த்தால் 1,040. நாற்பது கிராம்தானே என்று மச்சான் சிரித்தான். நாற்பதில் விட்டுக்கொடுத்தால் அடுத்து நானூறு. இரண்டாவது குப்பைப் பை கால்களை விட்டுக்கொள்ள வைத்திருந்தது. அதை எடுத்துவிட்டு, காலி செய்த முதுகுப் பையிலேயே முழங்கால் வரை நுழைத்துக்கொண்டு படுத்துப் பார்த்தேன். அதுவே சூடாக இருக்கிறது. இப்போது 985. வலை ஒரு ஆளுக்குத்தான் காணும். மச்சானிடம் அவன் வலையை அவனையே சுமக்கச் சொல்லிவிட்டேன்.

தீ மூட்ட எதுவும் இந்த மூட்டையில் இல்லை. பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் நெருப்பு என்பதே கிறுக்குத்தனம். அதுவும் 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் கருகிப்போன பிறகு, காட்டில் யாராவது தீப்பெட்டியை எடுத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இன்னொன்று, காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் தங்குவது குற்றம். இந்த மூட்டை இருக்கிறதே என்று வேண்டுமென்றே போய்த் தங்குகிறவர்களுக்கு இது இல்லை.

எங்கே கட்டுவது

மாட்டிக்கொண்ட அன்று காலையில், ஓடைக்கு மறுகரையில் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்தார். கதையைக் கேட்டுவிட்டு முதலில் சொன்னது, "ஏம்பா, அந்தப் பாறைக்கு அடியிலயா குந்தினீங்க? காத்து அங்கதான் சுழிக்கும்." அப்புறம் கையை நீட்டிச் சரிவின் நடுப்பகுதியில் ஒரு புதர்க்கூட்டத்தைக் காட்டினார். ஐம்பது அடி தள்ளி. ராத்திரி அதைத் தாண்டித்தான் பாறைக்குப் போயிருந்தோம். பாறை என்றால் கூரை என்று நகரத்துக் கண்ணுக்குத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு போகிற இடமெல்லாம் மனசுக்குள் ஒரு விளையாட்டு விளையாடுகிறேன். இப்போது இருட்டினால் எங்கே கட்டுவேன்? பள்ளத்தின் அடியில் வேண்டாம், ராத்திரி குளிர்காற்று தண்ணீர் மாதிரி வழிந்து அங்கேதான் தேங்கும், ஓடையும் அங்கேதான் வரும். முகட்டில் வேண்டாம், காற்றும் இடியும். தனித்து நிற்கும் உயர்ந்த மரத்தடியும் வேண்டாம். மேலே காய்ந்த கிளை தொங்குகிறதா என்று அண்ணாந்து பார்க்க வேண்டும். மிச்சம் இருப்பது சரிவின் நடுவில், காற்றுக்கு முதுகு காட்டிய புதர் ஓரம். மழைநீர் வழிந்த தடம் தரையில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுக் கட்டலாம். இதற்கெல்லாம் வெளிச்சம் வேண்டும். அன்று ஐந்து மணிக்கே "இன்னிக்கு இங்கதான்" என்று ஒத்துக்கொண்டிருந்தால் ஒரு மணி நேர வெளிச்சம் கையில் இருந்திருக்கும். நாங்கள் அந்த ஒரு மணி நேரத்தை ஓடைக்கும் ஓடைக்கும் நடுவில் ஓடித் தீர்த்தோம்.

இருட்டில் ஒற்றை ஆளாகக் கட்ட எனக்கு இப்போது ஒன்பது நிமிஷம் ஆகிறது, சருகு அள்ளுவதைச் சேர்க்காமல். முதல்முறை நாற்பது. மச்சான் பதினோரு நிமிஷம், ஆனால் அவன் கட்டினால் கூரை ஒரு பக்கம் கோணிக்கொண்டிருக்கும்.

பையில் இப்போது இருப்பது இரண்டாவது சில்பாலின். வெட்டியதும், முண்டு கட்டியதும், தராசில் 530ம் அதே கணக்குத்தான். முதலாவதை மாமியார் பார்த்துவிட்டார். கழற்சிக்காய் முண்டோடு மொட்டை மாடியில் அதன்மேல் மிளகாய் காய்கிறது. காற்றுக்குப் பறக்காமல் நன்றாக நிற்கிறதாம்.